நட்டின் மேல் மஞ்சள் கோடு

ஜூன் 4

அண்ணன் அவர்களுக்கு,

‘அவர்களுக்கு’ என்று போட்டதைப் பார்த்ததுமே நான் எவ்வளவு கோபமாக இருக்கிறேன் என்று தெரிந்திருக்கும். தெரியட்டும்.

உன் கடிதம் நேற்று வந்தது. முப்பதாம் தேதி வந்து அம்மாவை அழைத்துப் போகிறேன், டிக்கெட் எடுத்தாயிற்று, துணிமணியை எடுத்து வை. யாரைக் கேட்டு எடுத்தாய்? நீ இருப்பது மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. காலில் கட்டோடு இருக்கிற மனுஷியை எப்படி மேலே ஏற்றுவாய்? தோளில் தூக்கிக்கொண்டா? விடிந்ததும் பஸ் பணிமனைக்குப் போகிறவன் இருட்டிய பிறகுதான் வீடு திரும்புகிறாய். நான் பிசியோதெரபிஸ்ட். வீடு வீடாகப் போய் ஊரார் கால்களை மடக்கி நீட்டிவிடுவதுதான் என் பிழைப்பு. பெற்றவளின் காலை மட்டும் உன்னிடம் கொடுத்துவிட வேண்டுமோ?

கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறாயே, ‘அம்மா உன்னிடம் இருப்பது ஆபத்து’ என்று. அந்த வரிக்குத்தான் இந்தப் பதில்.

மே 11 அன்று நடந்ததை இன்றுவரை நீ முழுதாகக் கேட்கவே இல்லை. இப்போது காகிதத்தில் இருக்கிறது, குறுக்கே பேச முடியாது. ஆறு வீடு போய்விட்டு வந்து, சாயங்காலம் நம் வாசல் சரிவில் வண்டியை நிறுத்தினேன். ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். இரண்டு கையாலும் இழுத்தேன், ஏனென்றால் கொஞ்ச நாளாகவே அது மேலே மேலே வந்துகொண்டிருந்தது. வண்டி நின்றது. பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய், முகம் கழுவி, டீக்குத் தண்ணீர் வைத்தேன். அம்மா குப்பைக் கூடையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். அப்புறம்தான் வண்டி பின்னால் உருண்டு அவளைச் சாய்த்தது. பத்து நிமிஷம் நின்ற வண்டி! பிரேக் போடாமல் விட்டிருந்தால் அந்தச் சரிவில் பத்து நொடி நின்றிருக்குமா?

பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் ஓடிவந்து உள்ளே பாய்ந்து, கைக்கு வந்ததை இழுத்தார், காலுக்கு வந்ததை மிதித்தார். வண்டி நின்றது, நல்ல மனுஷன். ஆனால் லிவர் முதலில் மேலே இருந்ததா, கீழே இருந்ததா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. ஆஸ்பத்திரியிலிருந்து உனக்குப் போன் செய்தேன். “அண்ணா, வண்டி உருண்டு...” என்றுதான் ஆரம்பித்தேன். “ஹேண்ட் பிரேக் போடாம எறங்கிட்டியாடி!” என்று ஸ்பீக்கர் கிழியக் கத்தினாய். ஸ்ட்ரெச்சரில் கிடந்த அம்மாவின் காதிலும் விழுந்தது.

அன்றிலிருந்து அம்மாவும் அதையே நம்புகிறாள். திட்டுவதில்லை, அதுதான் கொடுமை. “போட்டிருப்பேடி, ஏதோ ஞாபகத்துல மறந்திருப்பே” என்கிறாள். போட்டிருப்பேனாம், மறந்தும் இருப்பேனாம். காலையில் நான் வேலைக்குக் கிளம்பும்போது, “கேஸை அணைச்சியா? குழாயை மூடுனியா?” என்று தினமும் கேட்கிறாள். முப்பத்தைந்து வயதில் இதைக் கேட்டுவிட்டுத்தான் படி இறங்குகிறேன்.

தெருமுனைப் பட்டறைக்காரர் சமதரையில் நிறுத்தி ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, “நல்லாத்தானேம்மா இருக்கு” என்றார். நீ நாள் முழுக்க பிரேக்கோடு மல்லுக்கட்டுகிறவன். எப்படிச் சோதிப்பது என்று எழுது, நானே செய்கிறேன். என் மேல் தப்பில்லை என்று தெரிந்தால் டிக்கெட்டைக் கிழித்துப் போட வேண்டும். அம்மா என்னோடுதான் இருப்பாள்.

போனில் பேசினால் மூன்றாவது நிமிஷத்தில் யாராவது ஒருவர் கத்திவிட்டு வைக்கிறோம். அதனால் உன் நம்பரை பிளாக் செய்தது செய்ததுதான். எழுது.

தங்கை

* * *

ஜூன் 9

தங்கைக்கு,

பணிமனையில் சாப்பாட்டு நேரத்தில் உன் கடிதத்தைப் படித்தேன். கடிதமா அது, குற்றப்பத்திரிகை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த எலெக்ட்ரீஷியன், “யாருண்ணே, வக்கீலா?” என்று கேட்டான்.

நிறுத்திய வண்டி சும்மா உருளாது. ஒன்று பிரேக் போட்டிருக்க மாட்டார்கள், இல்லை அரைகுறையாகப் போட்டிருப்பார்கள். பதினாறு வருஷமாக நான் பார்க்கிற டிரைவர் அத்தனை பேரும் “போட்டேன் சார், சத்தியமா போட்டேன்” என்றுதான் சொல்கிறார்கள். சரிவில் நிறுத்தினால் கியரில் விட்டு இறங்கு என்று வண்டி வாங்கிய அன்றே சொன்னேன். விட்டாயா? அதைப் பற்றி இரண்டு பக்கத்தில் ஒரு வார்த்தை இல்லை.

அந்த வண்டியில் குறையிருக்க வாய்ப்பில்லை. ஜனவரியில் லீவில் வந்தபோது பின் சக்கரத்துக்குப் புது பிரேக் பேட் போட்டது நான். எங்கள் பணிமனையில் ஒவ்வொரு ஃபிட்டருக்கும் ஒரு நிறம் உண்டு. நட்டை முடுக்கி முடித்ததும் அதன் மேல் தன் பெயிண்டால் ஒரு கோடு இழுப்பான். ‘இதை நான் முடித்தேன், சரியாக இருக்கிறது, இல்லையென்றால் என்னைக் கேள்’ என்று அர்த்தம். வழியில் ஏதாவது பஸ் நின்றால் ஃபோர்மேன் முதலில் நிறத்தைத்தான் பார்ப்பார். என் நிறம் மஞ்சள். இந்தப் பதினாறு வருஷத்தில் என் மஞ்சளுக்காக ஒரு பஸ்ஸும் திரும்பி வந்ததில்லை. இதையும் உன் குற்றப்பத்திரிகையில் சேர்த்துக்கொள்.

ஆனாலும் கேட்டுவிட்டாய், சொல்கிறேன். சமதரையில் நிறுத்து. முன் சக்கரம் இரண்டுக்கும் முன்னும் பின்னும் செங்கல் வை. பின்பக்கத்தை ஜாக்கியால் தூக்கு. ஜாக்கி தூக்கத்தான், தாங்குவதற்கு இல்லை, ஆகவே இரண்டு பக்கமும் இரும்பு ஸ்டாண்ட் கொடுக்காமல் ஒரு விரலைக்கூட அடியில் நீட்டாதே. இதில் மட்டும் உன் புத்திசாலித்தனம் வேண்டாம். வண்டியை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை முழுசாக இழுத்துவிட்டு, பின் சக்கரங்களை ஒவ்வொன்றாகக் கையால் சுற்று. இரண்டும் அசையக் கூடாது. பிறகு லிவரை இறக்கிவிட்டுச் சுற்று. இரண்டும் லேசாகச் சுற்ற வேண்டும். அவ்வளவுதான்.

எல்லாம் சரியாகத்தான் இருக்கும். பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு அம்மாவின் பெட்டியைக் கட்டு.

அண்ணன்

* * *

ஜூன் 14

அண்ணனுக்கு,

வாயை மூடிக்கொண்டு கட்டச் சொன்னாய். கட்டவில்லை, வாயையும் மூடவில்லை.

ஜாக்கியும் ஸ்டாண்டும் பல் டாக்டருடையவை. பத்து வருஷத்துக்கு முன்னால் வாங்கி ஒருமுறைகூடப் பிரிக்காமல் வைத்திருந்தார். கிளினிக் கையுறையை மாட்டிக்கொண்டு, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். வண்டிக்கு வேர்ச் சிகிச்சை செய்யப் போகிறார் என்றுதான் தோன்றியது. அம்மா ஜன்னல் ஓரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, “செங்கல்லு சரியா வெச்சியா? இன்னொண்ணு வையி. டாக்டர், நீங்க தள்ளி நில்லுங்க, உங்களுக்கும் ஒடிஞ்சா எங்க போறது?” என்று அங்கிருந்தே மேற்பார்வை.

இப்போது கேள். லிவரை முழுசாக இழுத்துவிட்டு வலப்பக்கச் சக்கரத்தைச் சுற்றினேன். காற்றாடி மாதிரி சுற்றியது. பிரேக் என்று ஒன்று இருப்பதாகவே அதற்குத் தெரியவில்லை. இடப்பக்கம் அசையவில்லை. சரி, ஒன்றாவது பிடிக்கிறதே என்று லிவரை இறக்கினேன். அப்போதும் இடப்பக்கம் அசையவில்லை! டாக்டரும் நானும் சேர்ந்து தள்ளியதில் உராய்ந்து உராய்ந்து அரைச் சுற்று வந்தது. ஆக, ஒரு சக்கரம் பிடிப்பதே இல்லை, இன்னொன்று விடுவதே இல்லை.

அதோடு நிறுத்தவில்லை. மே 11க்குப் பிறகு நான் அந்த வண்டியில் உட்காரவே இல்லை. சனிக்கிழமை உட்கார்ந்தேன். கால் பிரேக் நன்றாகத்தான் பிடிக்கிறது. அரைமணி நேரம் ஊரைச் சுற்றிவிட்டு, அன்று மாதிரியே வாசல் சரிவில் நிறுத்தி, அன்று மாதிரியே இழுத்தேன். சக்கரங்களுக்குப் பின்னால் ஒரு சாண் தள்ளிச் செங்கல் வைத்துவிட்டுக் காத்திருந்தோம். வலச் சக்கரம் தொட்டால் குளிர்ச்சி. இடச் சக்கரத்தின் பக்கம் கையைக் கொண்டுபோக முடியவில்லை, அவ்வளவு அனல்.

ஒரு நிமிஷம் நின்றது. மூன்று நிமிஷம் நின்றது. டாக்டர் கடிகாரத்தைப் பார்த்து, “விடும்மா, புடிச்சிக்கிச்சு” என்றார். ஏழாவது நிமிஷம், யாரும் தொடாமல், யாரும் தும்மக்கூட இல்லாமல், வண்டி மெதுவாக நகர்ந்து வந்து செங்கல்லில் முட்டியது.

நான் நடுத்தெருவில் உட்கார்ந்து அழுதேன். டாக்டருக்கு என்ன செய்வதென்று தெரியாமல் கையுறையைக் கழற்றி மாட்டிக்கொண்டே இருந்தார்.

நான் போட்டேன், அண்ணா. அன்றைக்குப் போட்டேன். அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். “பெரியவன்கிட்ட கேட்டுக்கோ, அவனுக்குத்தான் பிரேக்கு தெரியும்” என்றாள். உன் வாயால் வந்தால்தான் அவளுக்கு வேதம். எழுது. இரண்டு வரி போதும்.

தங்கை

* * *

ஜூன் 17

தங்கைக்கு,

கிடைத்தது. கேபிள் பழசாகியிருக்கும். இந்தக் குறையை நீ முன்பே சொல்லியிருக்க வேண்டும். இனி எதையும் கழற்றாதே, எந்தப் பட்டறையிலும் விடாதே. ஓரமாக நிறுத்து. முப்பதாம் தேதி வந்து நானே பார்க்கிறேன். அம்மா வருவதில் மாற்றமில்லை.

அண்ணன்

* * *

ஜூன் 21

அண்ணனுக்கு,

ஒரு சக்கரத்தைச் சுற்றிப் பார்ப்பதற்கு ஒரு பக்கம் எழுதியவன், சுற்றிப் பார்த்துச் சொன்னதற்கு நாலு வரி எழுதியிருக்கிறாய். அந்த நாலில் ஒன்று பச்சைப் பொய். முன்பே சொல்லவில்லையா? மார்ச்சில் இரண்டு தடவை போன் செய்தேன். ‘லிவர் ரொம்ப மேலே வருகிறது அண்ணா’ என்றேன். “ஒழுங்கா இழு. கையில பலம் இல்லியா?” என்றாய். நாளெல்லாம் மனுஷர்களைத் தூக்கி உட்காரவைக்கிற கையைப் பார்த்து!

கழற்றாதே என்று நீ எழுதியதும் கழற்ற வேண்டும் என்று முடிவு செய்தேன். பிரேக் பேடைப் பிடித்திருக்கிற காலிப்பரின் வேலை மட்டும் பார்க்கிற பட்டறை ஒன்று ரயில் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அங்கே இருப்பவர் ஒரு அம்மாள். அறுபது வயதிருக்கும், காதில் பென்சில், பேச்சு குறைவு. நான் பக்கத்திலேயே நிற்க வேண்டும் என்றேன். “நில்லு. வெளிச்சத்த மறைக்காம நில்லு” என்றார்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன். உனக்குத் தெரியாததா என்றுதான் முதலில் நினைத்தேன். பின்சக்கரக் காலிப்பர், முன்சக்கரத்தில் இருப்பது மாதிரி இல்லையாம். பேடைச் சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கின் மேல் அழுத்துகிற பிஸ்டனுக்குள்ளே ஒரு திருகு உண்டாம். பேட் தேயத் தேய அந்தத் திருகு தானாகச் சுற்றிப் பிஸ்டனை நகர்த்திக் கொடுக்கும், ஹேண்ட் பிரேக்குக்குப் பிடிப்பு குறையாது. ஆகவே புதுப் பேட் போடும்போது பிஸ்டனைத் திருகித் திருகித்தான் உள்ளே அனுப்ப வேண்டும். அதற்காகத்தான் அதன் முகத்தில் கூட்டல் குறி மாதிரி பள்ளம் இருக்கிறது.

வலப்பக்கத்தைக் கழற்றி என் கையில் கொடுத்தார். கூட்டல் குறிக்கு மேலேயே வட்டமாக ஒரு நசுங்கல். “யாரோ கிளாம்பு போட்டு அமுக்கியிருக்காங்கம்மா. உள்ள திருகு போயே போச்சு. இனிமே நீ லிவர இழுத்தா கேபிளு வரும், பிஸ்டன் வராது” என்றார்.

இடப்பக்கம் வேறு கதை. கேபிளை அளவுக்கு மீறி இறுக்கியதால் அந்தப் பக்கம் எப்போதும் பாதி பிடித்தபடியே ஓடியிருக்கிறது. ஓட ஓட உராய்ந்து காய்ச்சல் ஏறும். சூடேறிய டிஸ்க் விரிந்திருக்கும், இழுத்தால் பிடிக்கும். நிறுத்திய பிறகு ஆறி, சுருங்கி, பிடி தளர்ந்துவிடும். “பத்து நிமிசம் நின்னுட்டு உருண்டுச்சா?” என்று அவரே கேட்டார், நான் சொல்வதற்கு முன்பே! அந்த இடத்தில் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். “கிரீஸு, கிரீஸு” என்று விலக்கிவிட்டார்.

கேபிளை யார் இறுக்கினார்கள் என்று பார்க்க, லிவருக்குப் பின்னால் உள்ள பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினார். நட் மரையின் கடைசி வரை போயிருந்தது. அதற்கு மேல் இறுக்க ஒரு சுற்றுகூட மிச்சமில்லை.

அந்த நட்டின் மேல், நட்டிலிருந்து போல்ட் வரை, குறுக்கே ஒரு மஞ்சள் கோடு.

பிசிறில்லாத கோடு. எங்கேயும் உடையவில்லை. “கோடு உடையலைன்னா அதுக்கப்புறம் இத யாரும் தொடலைன்னு அர்த்தம். பஸ் டிப்போ ஆளுங்க போடுறது. உங்க வீட்டுல யாராச்சும் இருக்காங்களா?” என்றார்.

மூடியைத் திரும்பப் போடச் சொன்னேன்.

இந்த மஞ்சள் யாருடையது, அண்ணா? உன்னுடைய ஜூன் 9 கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். ‘இல்லையென்றால் என்னைக் கேள்’ என்று எழுதியிருக்கிறாய். கேட்கிறேன்.

தங்கை

* * *

ஜூன் 26

அண்ணனுக்கு,

பதில் இல்லை. தபால்காரரைக் கேட்டாயிற்று, இரண்டு முறை. உன்னிடம் டிக்கெட் இருக்கிறது, முப்பதுக்கு நாலு நாள் இருக்கிறது. அம்மா தன் பழைய புடவைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, எதை எடுத்துப் போவது என்று பிரிக்கிறாள். போக விருப்பமா என்று கேட்டால், “ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணுங்க” என்கிறாள். பேசுவதற்கு ஒருத்தி இங்கே இருக்கிறாள். இன்னொருத்தர் எங்கே?

தங்கை

* * *

ஜூன் 26

பாப்பா,

நாலு கடிதம் எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது. இதையும் கிழிப்பதற்குள் தபாலில் போட வேண்டும்.

மஞ்சள் என்னுடையது.

ஜனவரியில் லீவின் கடைசி நாள். நாலு மணிக்குப் பஸ். இடப்பக்கப் பிஸ்டன் எப்படியோ உள்ளே போய்விட்டது. வலப்பக்கம் போகவில்லை. நான் பார்ப்பதெல்லாம் பஸ். பஸ்ஸுக்கு டிரம் பிரேக்கும் காற்றழுத்தமும்தான், இந்த மாதிரி காலிப்பரை வாழ்க்கையில் கழற்றியதில்லை. யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பதினாறு வருஷ பிரேக் ஃபிட்டர் ஒரு சின்னக் காரைப் பற்றி யாரிடம் போய்க் கேட்பான்? அந்தத் திமிர். கூட்டல் குறியைப் பார்த்தேன், ஏதோ கம்பெனி அடையாளம் என்று நினைத்தேன். பணிமனையிலிருந்து கொண்டுவந்த பெரிய கிளாம்பைப் போட்டு முடுக்கினேன். கைப்பிடியின் மேல் ஏறி நின்று முடுக்கினேன். உள்ளே ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. பிஸ்டன் போய்விட்டது.

எல்லாம் மாட்டிய பிறகு ஹேண்ட் பிரேக் பிடிக்கவில்லை. மணி மூன்று இருபது. நீ வாசலில் நின்று, “பஸ்ஸ விட்டுருவேண்ணா” என்று கத்திக்கொண்டிருந்தாய். பிடிக்கிற வரைக்கும் கேபிளை இறுக்கினேன். பிடித்தது. கை பழக்கத்தில் பையிலிருந்து டப்பாவை எடுத்துக் கோடு இழுத்துவிட்டேன். சரியில்லை என்று தெரிந்த ஒன்றின் மேல் அன்றைக்குத்தான் முதல் தடவையாக மஞ்சள் போட்டேன்.

மார்ச்சில் நீ போன் செய்தாய். எனக்கு விஷயம் தெரியும். ‘ஒழுங்கா இழு’ என்றேன்.

இனி எழுதப் போவதுதான் நாலு காகிதத்தைக் கிழிக்க வைத்தது. மே 11 அன்று நீ ‘வண்டி உருண்டு’ என்றாய். அந்த நொடி எனக்கு அந்த ‘டக்’தான் கேட்டது. நீ முழுசாகச் சொல்லி முடித்தால், பிரேக் போட்டேன் என்று சொல்வாய். அதற்குப் பிறகு நான் என்ன சொல்வேன்? அதனால் முந்திக்கொண்டு கத்தினேன். அம்மாவுக்கு என்ன ஆச்சு என்றுகூடக் கேட்கவில்லை. கவனித்தாயா? அதற்குப் பிறகு நீ போன் செய்தபோதெல்லாம் கத்தியதும் அதே பயத்தில்தான். சோதிப்பது எப்படி என்று கேட்டாய். சமதரையில் சுற்றிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது என்று நம்பித்தான் எழுதினேன். உன்னைப் பற்றித் தெரிந்தும் அப்படி நம்பினேன் பார்.

அம்மாவைக் கூட்டிவந்து நான் பார்த்துக்கொண்டால் மனசு ஆறிவிடும் என்று நினைத்தேன். அதற்கு நீ கவனமில்லாதவள் என்று ஆக வேண்டியிருந்தது. ஆக்கினேன்.

டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். நேற்று மஞ்சள் டப்பாவை ஃபோர்மேனிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். எங்கள் பணிமனையில் நிறம் தப்பானால் மூன்று மாதம் டப்பா இல்லாமல், இன்னொருவன் நிறத்தின் கீழே வேலை பார்க்க வேண்டும். “எந்தப் பஸ்ஸுய்யா?” என்றார். “பஸ் இல்ல சார், என் தங்கச்சி கார்.” “யோவ், அது நம்ம கணக்கே இல்லய்யா!” என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் டப்பாவை வாங்கி மேஜை டிராயரில் வைத்தார்.

இதோடு அம்மாவுக்கு ஒரு தாள் வைத்திருக்கிறேன். சத்தமாகப் படித்துக் காட்டு. எனக்காக எதையும் விழுங்கிவிட்டுப் படிக்காதே. நான் இப்போதைக்கு வரவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு வருவது?

அண்ணன்

* * *

ஜூலை 8

அண்ணா,

உன் கடிதம் முப்பதாம் தேதி வந்தது. படித்ததும் வந்த கோபத்தில் பாத்திரம் தேய்த்தேன், வீட்டில் உள்ள அத்தனையையும். கழுவி வைத்ததையும் எடுத்துத் தேய்த்தேன். ஒரு மாதம்! ஒரு மாதம் நானே என்னைச் சந்தேகப்பட்டேன், தெரியுமா? ஒருவேளை போடவில்லையோ, போட்டதாக நினைத்துக்கொண்டேனோ என்று படுக்கையில் கையை இழுத்து இழுத்துப் பார்ப்பேன். அதை எந்தக் கிளாம்ப் போட்டாலும் நிமிர்த்த முடியாது. மன்னித்துவிட்டேன் என்று எழுதப் பேனாவை எடுத்தேன், வரவில்லை. வரும்போது எழுதுகிறேன்.

அம்மாவுக்கு உன் தாளைச் சத்தமாகத்தான் படித்தேன். நடுவில் என் குரல் உடைந்தபோது, “நிறுத்தாதே, படி” என்றாள். முடிந்ததும் தாளை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து ஒருமுறை அவளே பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, “போட்டேன்னு அன்னிக்கே சொன்னியேடி. நாந்தான் கேக்கல” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “ஒடிஞ்சது என் காலு. அண்ணனும் தங்கச்சியும் அத ஆளுக்குப் பாதியா இழுத்துக்கிட்டு நிக்கிறீங்க” என்று இரண்டு பேரையும் சேர்த்துத் திட்டினாள். அவள் மடித்து வைத்திருந்த புடவைகளையெல்லாம் அலமாரியில் திரும்ப அடுக்கினேன். எங்கேயும் போக விருப்பமே இல்லையாம். இப்போது சொல்கிறாள்!

நானும் ஒன்று சொல்ல வேண்டும். அன்று நான் கியரில் விடவில்லை. நீ சொல்லியிருந்தாய், ஆனால் எனக்கு அந்தப் பழக்கம் வரவே இல்லை. ஜூன் 9 கடிதத்தில் நீ கேட்டதற்குப் பதில் எழுதாமல் வேண்டுமென்றேதான் விட்டேன். அதை அம்மாவிடமும் சொல்லிவிட்டேன்.

பட்டறை அம்மாள் இரண்டு பக்கமும் வேறு காலிப்பர் போட்டுத் தந்தார். வலப்பக்கப் பிஸ்டனை நான்தான் திருகி உள்ளே அனுப்பினேன். அழுத்தவே வேண்டாம், அண்ணா. பொறுமையாகச் சுற்றினால் தானாகப் போகிறது. கேபிளை முழுக்கத் தளர்த்திவிட்டு, கால் பிரேக்கை முப்பது நாற்பது தடவை மிதிக்கச் சொன்னார். அதன் பிறகுதான் நட்டை இறுக்கினோம். இப்போது லிவரை இழுத்தால் ஐந்தாவது கிளிக்கில் பிடிக்கிறது, மரையில் பாதிக்கு மேல் மிச்சம் இருக்கிறது.

நேற்று அரைமணி நேரம் ஓட்டிவிட்டு வந்து வாசல் சரிவில் நிறுத்தினேன். சோதனைக்காகக் கியரில் விடவில்லை, பின்னால் செங்கல் இருந்தது. அம்மா வாக்கரை ஊன்றிக்கொண்டு வந்து, முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். இறங்கு என்று நானும் டாக்டரும் கெஞ்சினோம். “என் பொண்ணு போட்ட பிரேக்கு. நான் உக்காருவேன்” என்றாள். அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தாள். டாக்டருக்குத்தான் வியர்த்தது. வண்டி ஒரு விரற்கடை நகரவில்லை.

நட்டின் மேலிருந்த உன் மஞ்சளைக் கத்தியால் சுரண்டி எடுத்துவிட்டேன். என்னிடம் பெயிண்ட் இல்லை. சிவப்பு நெயில் பாலிஷ் இருந்தது, அதைக் கொண்டு ஒரு கோடு இழுத்தேன். கொஞ்சம் கோணல். இனி அந்த வண்டி உருண்டால் என்னைக் கேட்க வேண்டும்.

இன்று காலை வேலைக்குக் கிளம்பினேன். செருப்பை மாட்டிக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு, வழக்கம் போல வாசலில் நின்றேன். அம்மா ஜன்னலிலிருந்து, “பாத்துப் போ” என்றாள். அவ்வளவுதான். கேஸைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தெருமுனை வரை ஓட்டிப் போய் ஓரம் கட்டி, கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். கியரில் விட்டுத்தான்.

எந்த முகத்தோடு வருவது என்று கேட்டிருக்கிறாய். இருக்கிற முகத்தோடு வா. அம்மாவை வாக்கரோடு தெருமுனை வரை தினமும் நடக்க வைக்க வேண்டும், பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும்.

உன் நம்பரைத் திறந்துவிட்டேன். போன் செய். மே 11 அன்று என்ன நடந்தது என்று முதலிலிருந்து சொல்லப் போகிறேன். நான் சொல்லி முடிக்கிற வரை நீ வாயைத் திறக்கக் கூடாது.

பாப்பா